எங்கே கிளம்பி எங்கே போகிறது அந்த ஹோஸ்?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயமுத்தூரிலிருந்து மச்சினன் போன் செய்தான்.

"மாமா, ரேடியேட்டர் தண்ணிய பூரா எறக்கிட்டேனுங்க. ஹீட்டருக்குள்ள நிக்கற தண்ணியும் வெளிய வரணும்னு சொன்னீங்கல்ல, அந்த ஹோஸ் எதுன்னுதான் தெரியல. போட்டோ அனுப்பியிருக்கேன், பாத்துச் சொல்லுங்க."

படத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தான். வட்டத்துக்குள் இருந்தது வெள்ளி நிறத்தில் மின்னும் ஒரு குழாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே திரும்பக் கூப்பிட்டேன். "அதுல ஸ்பேனர வெச்சிராத சாமி. அது ஏசி பைப்பு."

ஏசி குழாய்க்குள் இருக்கும் ஆர்-134ஏ வாயு அழுத்தத்தில் அடைபட்டுக் கிடப்பது. வெளியே வந்தால் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகக்கூடியது. கையில் பீறிட்டால் தோல் உறைந்து வெந்ததுபோல் ஆகிவிடும், கண்ணில் பட்டால் சொல்லவே வேண்டாம். ரேடியேட்டர் தண்ணீர் மாற்றுவது வீட்டு வாசலில் வைத்துச் செய்துவிடக்கூடிய வேலைதான். அதில் இப்படி ஓர் ஆபத்து ஒளிந்திருப்பதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் என் கதை. நான் குன்னூரில் ஒரு பழைய மாருதி ஜிப்ஸி கிங் வைத்திருக்கிறேன். 1298 சிசி, கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் இன்ஜின், அலுமினிய பிளாக். ஏசி கிடையாது, ஹீட்டர் உண்டு. வாங்கிய வருஷம் செப்டம்பரில் தண்ணீரை இறக்கினேன். செங்கல் கரைத்த மாதிரி வந்தது. மூன்று தடவை நல்ல தண்ணீர் விட்டு ஓடவிட்டு இறக்கி, மூன்றாவது தடவை கண்ணாடி போல் தெளிந்த பிறகு, புது கூலன்ட் ஊற்றினேன். பச்சைப் பசேல் என்று இருந்தது. அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் நிறம் மாறவில்லை.

டிசம்பரில் பனி விழ ஆரம்பித்தது. ஒரு காலையில் முதன்முறையாக ஹீட்டர் லிவரைச் சூடு பக்கம் இழுத்தேன். மறுநாள் பானெட்டைத் திறந்தால் ரிசர்வ் டப்பாவில் பாலில்லாத டீ. பச்சை போன இடம் தெரியவில்லை.

நடந்தது இதுதான். செப்டம்பரில் நான் கழுவியபோது லிவர் குளிர் பக்கம் இருந்தது. என் வண்டியில் அந்த லிவர் ஒரு கேபிள் வழியாகத் தண்ணீர் வால்வைத் திறந்து மூடும். வால்வு மூடியிருந்ததால் ஹீட்டருக்குள்ளும் அதற்குப் போகும் ஹோஸிலும் நின்றிருந்த துருத் தண்ணீர் துளிகூட அசையவில்லை. இரண்டு மாதம் காத்திருந்துவிட்டு, நான் வால்வைத் திறந்ததும் புது கூலன்ட்டில் கலந்துவிட்டது. ஒரு டப்பா கூலன்ட் காசு வீண் என்பது சின்ன விஷயம். கழுவிவிட்டோம் என்ற நம்பிக்கையில் அந்த வண்டியில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறி இறங்கினேனே, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகுதான் ஹீட்டர் ஹோஸ் இரண்டையும் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன்.

ஹீட்டர் என்பது இன்னொரு ரேடியேட்டர். நோட்டுப் புத்தகம் அளவுக்கு இருக்கும், டேஷ்போர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். இன்ஜினில் சூடான தண்ணீர் ஒரு ஹோஸ் வழியாக அதற்குள் போகிறது, இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்பி வருகிறது. நடுவில் ஊதும் காற்று சூடாகி நம் காலடியில் வந்து விழுகிறது. போகும் ஹோஸ் கிளம்புவது இன்ஜினின் சூடான பக்கத்தில், சிலிண்டர் ஹெட்டிலோ இன்டேக் மேனிஃபோல்டிலோ. திரும்பும் ஹோஸ் முடிவது தண்ணீரை உறிஞ்சும் பக்கத்தில், அதாவது நம் ஊர் மெக்கானிக்குகள் வாட்டர் பாடி என்று சொல்லும் தண்ணீர் பம்ப்பில், அல்லது அதற்குப் போகும் இரும்புக் குழாயில். பம்ப் ஒரு பக்கம் தள்ளுகிறது, மறுபக்கம் இழுக்கிறது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் எந்த வண்டியின் பானெட்டைத் திறந்தாலும் திகைக்க மாட்டீர்கள்.

போட்டோவைப் பார்த்து ஏன் சொல்ல முடியாது என்றால், கறுப்பு ரப்பர் குழாய்கள் எல்லாம் படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். ஒரு ஹோஸுக்கு அடையாளம் அது கிளம்பும் இடமும் சேரும் இடமும். நடுவில் ஒரு சாண் நீளத்தைப் படம் பிடித்துக் காட்டினால் முப்பது வருஷ அனுபவமுள்ள மெக்கானிக்கும் ஊகம்தான் சொல்வார்.

ஆகவே கையால் தேடுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது, தண்ணீரை இறக்குவதற்கு முன்னால். மச்சினன் செய்த பிழை இந்த வரிசைதான். தண்ணீரை இறக்கிவிட்டு ஹோஸைத் தேடினான். நிறைந்திருக்கும் ஹோஸ் பேசும், காலி ஹோஸ் ஊமை.

தேடலைத் தகரச் சுவரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இன்ஜினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே நிற்கும் சுவர், ஃபயர்வால் என்பார்கள். அதிலிருந்து பக்கத்தில் பக்கத்தில், அல்லது ஒன்றின் மேல் ஒன்றாக, இரண்டு உலோக மூக்குகள் இன்ஜின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் மாட்டிய, பெருவிரல் பருமனுள்ள இரண்டு ரப்பர் ஹோஸ்கள்தான் நம் ஆட்கள். உள்விட்டம் பெரும்பாலும் 16 மி.மீ., அதாவது 5/8 அங்குலம். ரேடியேட்டரின் மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் இதைவிட இரண்டு மடங்கு தடிமனாக இருப்பதால் குழப்பம் வராது. பழைய ஷெவர்லே வி8 இன்ஜின்களில் போகும் ஹோஸ் 5/8, திரும்பும் ஹோஸ் 3/4 அங்குலம் என்று அளவையே மாற்றி வைத்திருந்தார்கள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். என் ஜிப்ஸியில் அந்தச் சலுகை இல்லை, இரண்டும் ஒரே அளவு.

ஒரு ஹோஸின் மேல் விரலை வைத்து, எடுக்காமல், அது முடியும் இடம் வரை நகர்த்திக்கொண்டே போங்கள். கண்ணை நம்பாதீர்கள். ஏர் ஃபில்டர் டப்பாவுக்கு அடியில் இரண்டு ஹோஸ் ஒன்றையொன்று தாண்டும் இடத்தில் கண் தாவிவிடும், விரல் தாவாது. ஜிப்ஸியில் ஒன்று இன்டேக் மேனிஃபோல்டில் போய் நின்றது, அது போகும் ஹோஸ். மற்றது சுற்றிக்கொண்டு போய் பம்ப்புக்கான இரும்புக் குழாயில் சேர்ந்தது, அது திரும்பும் ஹோஸ். தெரிந்த நிமிஷமே ஒன்றில் சிவப்பு நூலும் மற்றதில் மஞ்சள் நூலும் கட்டினேன். நிறம் என்னவாக இருந்தாலும் சரி, எது எதற்கு என்று வண்டி மேனுவலின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை திறப்பது மூன்று வருஷம் கழித்தாக இருக்கும்.

விரலால் எட்ட முடியாத இடங்கள் இருக்கும், முக்கியமாக இப்போது வரும் கார்களில். அங்கே சூடுதான் வழிகாட்டி. காலையில் வண்டி முழுக்க ஆறியிருக்கும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜினைச் சீக்கிரம் சூடாக்குவதற்காக தெர்மோஸ்டாட் வால்வு ரேடியேட்டருக்குப் போகும் பாதையை மூடி வைத்திருக்கும். 80 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் அது திறக்கும். ஆனால் ஹீட்டர் பாதைக்கு அந்தக் காவல் இல்லை. அதனால் இரண்டு மூன்று நிமிஷத்தில் முதலில் வெதுவெதுப்பாவது போகும் ஹோஸ், சற்று நேரத்தில் திரும்பும் ஹோஸ். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் அப்போதும் ஜில்லென்றே இருக்கும். சில வண்டிகளில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், அப்போது கீழ் ஹோஸ்தான் கடைசிவரை குளிர்ந்திருக்கும். ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் திரும்பும் ஹோஸின் சூடு இன்னும் குறைந்து வித்தியாசம் நன்றாகத் தெரியும். சூடு அதிகமாகும் முன் கையை எடுத்துவிட வேண்டும். துண்டு, சட்டைக்கை, துப்பட்டா எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது. கரன்ட்டில் ஓடும் ரேடியேட்டர் ஃபேன் முன்னறிவிப்பு இல்லாமல் சுழலும்.

இந்தச் சோதனை கழுவுவதற்கு முன்பே ஹீட்டரின் உடல்நிலையையும் சொல்லிவிடும். போகும் ஹோஸ் கொதிக்கிறது, திரும்பும் ஹோஸ் வெறும் இளஞ்சூடு என்றால் உள்ளே அடைப்பு. இரண்டுமே குளிர்ச்சி என்றால் வால்வு மூடியிருக்கிறது, அல்லது தண்ணீர் குறைந்திருக்கிறது, அல்லது காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது. மேல் ஹோஸும் ஹீட்டர் ஹோஸும் ஒன்றாகவே மெதுவாகச் சூடேறினால் தெர்மோஸ்டாட்டை யாரோ கழற்றி எடுத்திருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். "நம்மூரு வெயிலுக்கு அந்த வால்வு எதுக்குங்க, எடுத்துட்டா கூலா ஓடும்" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் வழக்கம் சமவெளியில் இன்னும் இருக்கிறது. மலையில் குளிர்காலத்தில் அப்படிப்பட்ட வண்டியின் இன்ஜின் சூடாகவே ஆகாது. பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயில் குளிர்ந்த நிலையிலேயே ஓடும், ஹீட்டரில் காற்று வரும், சூடு வராது. அதைவிட மோசம், ஹீட்டர் ஒழுகுகிறது என்று அதைத் துண்டித்துவிட்டு, இன்ஜினிலிருந்து வரும் மூக்கையும் பம்ப்புக்குப் போகும் மூக்கையும் ஒரு வளைந்த ஹோஸால் நேராக இணைத்துவிடுவது. தகரச் சுவரில் இரண்டு மூக்குகள் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தால் உங்கள் வண்டியிலும் அதைச் செய்திருக்கிறார்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் கட்டாயம் குனிந்து பார்க்க வேண்டிய இடம் அது.

ஹீட்டர் மலையில் வெறும் வசதி இல்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். மேட்டுப்பாளையத்தின் முந்நூற்றுச் சொச்சம் மீட்டரிலிருந்து சுமார் 1,850 மீட்டருக்கு ஏறுகிறோம். குன்னூர் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் கேப் அழுத்தம் கொடுத்து அந்தக் கொதிநிலையைச் சுமார் 20 டிகிரி உயர்த்துவதால்தான் நாம் ஏற முடிகிறது. இதே மலையில் ஏறும் நீராவி ரயில்கூட ஹில்குரோவில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் மேலே வருகிறது. முன்னால் லாரி, முதல் கியர், ஊர்ந்துகொண்டே போகிறோம், இன்ஜின் சூட்டைக் காட்டும் ஊசி மேலே போகிறது என்றால், ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரையும் அதன் ஃபேனையும் முழுதாகத் திறந்துவிடுங்கள். வேர்த்துக் கொட்டும். ஆனால் அந்தக் குட்டி ரேடியேட்டர் இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். பர்லியாருக்கு மேலே இப்படி ஊசி கண் முன்னால் இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். ஊசி சிவப்பைத் தொட்டுவிட்டால் மட்டும் இதையெல்லாம் விட்டுவிட்டு ஓரமாக நிறுத்த வேண்டும், ஆறும் வரை கேப்பைத் தொடக்கூடாது. அடைத்த ஹீட்டரும் துண்டித்த ஹீட்டரும் இந்த உதவிக்கு வராது.

ஹீட்டர் ஹோஸ் மாதிரியே வேஷம் போடுபவை சில உண்டு. ஏசி குழாயைச் சொல்லிவிட்டேன். அது பெரும்பாலும் அலுமினியம், நடுவில் ரப்பர் வந்தாலும் முனைகளில் கழற்றவே முடியாதபடி உலோக வளையத்தால் இறுக்கியிருப்பார்கள். எச், எல் என்று எழுதிய சின்ன மூடிகள் இருக்கும். ஏசி ஓடும்போது தடித்த குழாய் குளிர்ந்து வியர்க்கும். அடுத்தது பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸ். இதுதான் ஆளை ஏமாற்றுவதில் கெட்டிக்காரன், ஏனென்றால் பருமனும் கிட்டத்தட்ட அதேதான், கிளம்புவதும் இன்டேக் மேனிஃபோல்டில்தான், முடிவதும் தகரச் சுவர் பக்கத்தில்தான். ஆனால் டிரைவர் எதிரே இருக்கும் பெரிய கறுப்பு வட்ட டப்பாவில் போய்ச் சேரும். அமுக்கினால் வெறுமையாகவும் விறைப்பாகவும் இருக்கும். தண்ணீர் நிறைந்த ஹோஸ் அமுக்கினால் விரலைத் திருப்பித் தள்ளும். வால்வு கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும் மூச்சு ஹோஸ் ஆயில் நாற்றத்திலேயே தெரிந்துவிடும். பெட்ரோல் ஹோஸ்கள் மெல்லியவை. த்ராட்டிலுக்கும் கார்புரேட்டருக்கும் சூட்டுத் தண்ணீர் கொண்டுபோகும் சுண்டுவிரல் பருமனுள்ள ஹோஸ்கள் சில வண்டிகளில் உண்டு. அவையும் இதே தண்ணீர்க் குடும்பம்தான், ஆனால் ஹீட்டருக்குப் போகாது.

அமுக்கும்போதே வயசையும் பார்த்துக்கொள்ளுங்கள். மொறுமொறுவென்று சத்தம் கேட்டாலோ, கிளிப் பக்கத்தில் பஞ்சு போல் மெத்தென்று அமுங்கினாலோ மாற்றும் காலம் வந்துவிட்டது. மாற்றும்போது ஹீட்டர் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸை வெட்டி மாட்டியிருந்த வண்டியை நானே பார்த்திருக்கிறேன். அந்தச் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் அது தாங்காது.

இனி கழுவுவது. பழைய தண்ணீரை இறக்கி, நல்ல தண்ணீர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸ் சூடாகும் வரை ஓடவிட்டு, அணைத்து, நன்றாக ஆறவிட்டு இறக்க வேண்டும். தெளிகிற வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். பல புது வண்டிகளில் தண்ணீர் வால்வே கிடையாது. ஹீட்டருக்குள் எப்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், காற்றுப் பாதையில் ஒரு தட்டுதான் திறந்து மூடும். இருந்தாலும் சூடு பக்கம் வைப்பதில் நஷ்டமில்லை. ஆறவிடுவதில் அவசரப்படாதீர்கள். சூடான அலுமினிய இன்ஜினில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஹெட் வளைந்துவிடலாம்.

இவ்வளவு செய்தும் ஹீட்டர் சரியாகச் சூடு தரவில்லை என்றால் இரண்டு ஹோஸையும் தகரச் சுவர்ப் பக்கம் கழற்றி, திரும்பும் மூக்கின் வழியாகத் தண்ணீரை உள்ளே விட வேண்டும். அழுக்கு வந்த வழியே வெளியேற, எதிர்த் திசையில். எது போகும் ஹோஸ், எது திரும்பும் ஹோஸ் என்று இவ்வளவு மெனக்கெட்டது இந்த இடத்துக்காகத்தான். குழாயைப் பாதிதான் திறக்க வேண்டும். மேல்தொட்டித் தண்ணீரின் முழு வேகத்தையும் அந்த மெல்லிய தகடுகளின் மேல் காட்டக்கூடாது.

ஒட்டிக்கொண்ட ஹோஸைப் பிளையரால் பிடித்துத் திருகவே திருகாதீர்கள். மூக்கு முறிந்தால் புது ஹீட்டர் கோர், அதை மாற்ற டேஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும். இரண்டு நாள் வேலை. ஹோஸை நீளவாக்கில் பிளேடால் கீறி, வாழைப்பழத் தோல் மாதிரி உரித்து எடுங்கள். கீறல் உலோகத்தில் ஆழமாக விழாமல் கவனம் வேண்டும். ஒரு ஹோஸ் போனால் சில நூறு ரூபாயோடு போயிற்று.

கூலன்ட் ஊற்றும்போது ஒரு கணக்கு. எவ்வளவு இறக்கினாலும் பிளாக்கிலும் ஹீட்டரிலும் கொஞ்சம் நல்ல தண்ணீர் தங்கிவிடும். ஆகவே கலக்காத கூலன்ட்டாக வாங்கி, வண்டியின் மொத்தக் கொள்ளளவில் பாதியை முதலில் ஊற்றிவிட்டு, மீதி இடத்தை பேட்டரித் தண்ணீரால் நிரப்புங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு அலுமினியத்தில் படியும். இறக்கிய பழைய கூலன்ட்டைத் தயவுசெய்து சாக்கடையில் விடாதீர்கள். அதில் இருப்பது எத்திலீன் கிளைகால், இனிப்பாக இருக்கும், விஷம். எங்கள் தெருவில் ராத்திரி காட்டெருமைகள் வந்து நிற்கும், நாய்கள் வாசலிலேயே படுத்திருக்கும். மூடி போட்ட கேனில் பிடித்து, வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுவேன்.

மச்சினன் விஷயத்துக்கு வருகிறேன். வெறும் தண்ணீரை மறுபடி நிரப்பச் சொல்லி, வீடியோ காலில் நின்றபடி அவன் விரலைத் தகரச் சுவரிலிருந்து நகர்த்தச் சொன்னேன். ஏசி குழாய்க்கு ஒரு சாண் கீழே, பேட்டரிக்குப் பின்னால் இரண்டும் மறைந்திருந்தன. ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிஷம் இருக்கும். "மாமா, மேல இருக்கறது சுடுதுங்க. கீழ இருக்கறது இன்னும் இல்ல" என்றான். சிவப்பு நூல் மேலே, மஞ்சள் கீழே. மத்தியானம் நன்றாக ஆறிய பிறகு இரண்டையும் கழற்றி எதிர்த் திசையில் தண்ணீர் விட்டபோது முதலில் வந்தது குழம்பு மாதிரி பழுப்புச் சேறு. பக்கெட்டை அப்படியே காட்டினான். நாலாவது பக்கெட்டில் தெளிந்தது.

பொங்கல் லீவுக்கு குடும்பத்தோடு மலைக்கு வருகிறானாம். கல்லாறில் டீ குடிக்க நிறுத்தும்போது பானெட்டைத் திறந்து, அந்த இரண்டு கிளிப்பின் அடியிலும் ஈரம் இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு ஏறு என்று சொல்லியிருக்கிறேன்.